பசை இறுகும் நேரம்

“அமுக்காதக்கா. அமுக்கினா பசை எல்லாம் வெளிய வந்துடும். சும்மா புடிச்சிக்கினு இரு, போதும்.”

பூரணி விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள். இடது கையில் மாடல் ஹெலிகாப்டரின் வால் குழாய். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், பென்சிலைவிட மெலிதான ஒரு கறுப்புக் கார்பன் குச்சி. அதன் நுனி, வாலில் மாட்டியிருந்த சின்ன அலுமினியக் குழிக்குள் பசையோடு நுழைந்து நின்றது.

“இப்டியா?”

“ம். அப்டியே. கண்ண அங்கியே வெச்சிரு. குச்சி சாயுதா பாரு. சாஞ்சா சொல்லு.”

பூரணிக்குப் பசை புதிதல்ல. அப்பா இறந்த வருடத்திலிருந்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். அங்கே சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் போகக் காயவிட்டு, ஒட்டி ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அடுத்த ஜோடியை எடுக்கலாம். இந்தப் பசை அப்படியில்லை. இரண்டு ட்யூபிலிருந்தும் சரிசமமாகப் பிதுக்கி, கண்ணாடித் துண்டின்மேல் தீக்குச்சியால் குழைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பொருத்திவிட வேண்டும். அப்புறம் அது தானாக இறுகும்வரை ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்படுத்த ஒரு வழியும் கிடையாது.

நந்தகோபால் மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தான். மேஜைமேல் இரண்டு தலையணை, தலையணைமேல் அவன் கைகள், கைகள்மேல் மோவாய். தீபாவளிக்குப் பிறகு அவனுக்குப் படுக்கையும் அதுதான். மல்லாந்தால் மூச்சு முட்டியது. ஒருக்களித்தாலும் முட்டியது. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது போகும்போது இதயத்துக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் இப்போதுதான் சொன்னார்கள். இருபத்தெட்டு வயதில் அவன் பாதங்கள் இரண்டும் ஊறிய ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. விரலால் தொட்டால் குழி விழுந்தது. விழுந்த குழி வெகுநேரம் நிரம்பாமல் அப்படியே இருந்தது.

படுக்க முடியாதவனுக்கு மேஜைமேல் ஏதாவது வேண்டியிருந்தது. அப்படித்தான் பரண்மேல் கிடந்த ஹெலிகாப்டர் கீழே இறங்கியது.

அது ஒரு ஜெர்மன்காரருடையது. கம்பெனிக்குப் புது மிஷின்கள் வந்தபோது அவற்றைப் பூட்டிக் கொடுக்க வந்தவர். எலக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்த நந்தகோபால்தான் அவருக்குத் துணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பெட்டியைத் திறந்து, இரண்டு முழ நீளத்தில் ஒரு ஹெலிகாப்டரை எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் வைத்தார். கழுத்தில் மாட்டிய ரேடியோ பெட்டியின் குச்சிகளை அவர் அசைக்க அசைக்க, அது செருப்புத் தோல் காயும் கொடிகளுக்கு மேலாக ஏறி நின்றது. ஆணும் பெண்ணுமாக எல்லோரும் வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பூரணியும் பார்த்தாள். ஒரு காற்று வந்தது. ஹெலிகாப்டர் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் மோதி, வால் ஒடிந்து விழுந்தது. ஊருக்குத் திரும்பும்போது, “உனக்கு ரேடியோ தெரியும், வைத்துக்கொள்” என்று நந்தகோபாலிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் வந்த வேறொரு ஆளின் கையில் கார்பன் குச்சிகள் ஒரு கட்டும் பசை ட்யூப்களும் அனுப்பியிருந்தார். அப்போது நந்தகோபாலுக்கு நேரமில்லை. இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்திருந்த காலம் அது.

“சாயுதா?”

“இல்லடா.”

“நாலாவது குச்சி இது. இது நின்னுடுச்சின்னா வாலு ஆடாது. எஞ்சின் ஓட்டிப் பாக்கலாம்.”

முதல் மூன்று குச்சிகளுக்குத் துணி மாட்டும் கிளிப்புகளை வைத்தே பிடிப்புக் கொடுத்திருந்தான். நாலாவது இடத்துக்குக் கிளிப் எட்டவில்லை. விரல்தான் வேண்டும். அவன் விரல்கள் நடுங்கின. நேற்று அவனே பிடித்துப் பார்த்து, இரண்டு முறை வழுக்கி, பசையைத் துடைத்தெறிந்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று ஞாயிறு. பூரணி தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும், “அக்கா, கொஞ்சம் வர்றியா?” என்றான்.

குச்சியின் நுனியை ஈரத்துணியில் வைத்து உப்புக் காகிதத்தால் தேய்த்தது பூரணிதான். வழவழப்பு போனால்தான் பசை பிடிக்கும் என்றான். “எங்க செக்‌ஷன்ல சோல் ஒட்றதுக்கு முந்தி தேய்க்கறதுதான இது?” என்றாள் அவள். “ஆமா, அதேதான். நீ ஒட்டாத பசையா” என்று சொல்லிச் சிரிக்கப் போனவன், சிரிப்பு இருமலாக மாறியதில் தலையணையைப் பிடித்துக்கொண்டான்.

சமையல்கட்டிலிருந்து அம்மா பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? அவன்தான் இப்டின்னா, நீயும் அவனோட சேந்துக்கினு. ஒரு வாய் கஞ்சி உள்ள போவல இன்னும்.”

“அப்புறம்மா” என்றான் நந்தகோபால்.

“எப்ப கேட்டாலும் அப்புறம். இந்தக் கறுப்புக் குச்சிங்கள ஒட்டி ஒட்டி இன்னாடா கண்ட?”

“ஒட்டி முடிக்கட்டும்மா. கண்டுட்டு சொல்றேன்.”

அம்மா உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவின் ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரேடியோ இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் பாடும். அதை ரிப்பேர் செய்து கொடுத்தவனும் நந்தகோபால்தான்.

அவன் மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடு வாழ இரண்டு பெண்களும் பழகியிருந்தார்கள்.

“அக்கா.”

“ம்.”

“கோடை போனதும் கூப்புடறேன்னுதான சொன்னாங்க?”

பூரணி குச்சியின் நுனியைப் பார்த்தாள். பசை ஒரு சொட்டு, தேன் மாதிரி, குழியின் விளிம்பில் திரண்டு நின்றது.

“ஆமா.”

“அதுக்குள்ள இது எழும்பிடும்.”

அன்றைக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இதயம் ரொம்பப் பெரிதாகிவிட்டது, இனிமேல் ஆபரேஷனைத் தாங்காது, முன்னமே வந்திருக்கலாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பெண்மணி. சொல்லும்போது பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தால், மரத்தடி பெஞ்சில் நந்தகோபால் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். “இன்னா சொன்னாங்க?” என்றான். “இப்ப வெயில் ஜாஸ்தியா கீதாம். கோடை போவட்டும், ஆபரேஷனுக்கு அவங்களே கூப்புடுவாங்களாம்” என்றாள். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாதிப் பழத்தை அவளிடம் நீட்டினான். இருவரும் சுளைகளைத் தின்று முடித்தார்கள்.

அந்த வாரம்தான் ரேடியோ பெட்டியை அவள் மடியில் வைத்து, இந்தக் குச்சியைத் தள்ளினால் ஏறும், இதை இழுத்தால் இறங்கும், இது வாலைத் திருப்பும் என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். “எனக்கு எதுக்குடா இதெல்லாம்?” என்று கேட்டாள். “நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா யாரு பாத்துக்கறது?” என்றான்.

“அக்கா. நீ பேசாம இருந்தா எனக்கு தூக்கம் வருது.”

“வந்தா தூங்குடா. நான் புடிச்சிக்கினு இருக்கேன்.”

“எப்ப வுடணும்னு தெரியுமா?”

“நீயே சொல்லு.”

“கண்ணாடியில மிச்சப் பசை இருக்கு பாரு. நகத்தால குத்திப் பாரு. குழி வுழலன்னா வுட்டுடலாம். ஆனா நாளைக்குத்தான் முழுசா இறுகும். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

“சரி.”

“சாயுதா?”

“சாயல. நீ கண்ண மூடு.”

அவன் கன்னத்தைத் தலையணையில் சாய்த்தது அவளுக்குக் கடைக்கண்ணில் தெரிந்தது. அவள் குச்சியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவன் கேட்டது அது ஒன்றைத்தான். மருந்து கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். எதுவும் அவனை ஒரு மூச்சுகூடச் சுலபமாக விட வைக்கவில்லை. இது அப்படியில்லை. பிடித்திருந்தால் நிற்கும். அவள் பிடித்திருந்தாள்.

ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வந்தது. ரம்பச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. நடுவில் ஒரு முறை பெரிதாக இழுத்து, விட்டு, பிறகு அமைதியானது. தூங்கிவிட்டான். எத்தனையோ நாளாயிற்று அவன் இப்படிச் சத்தமில்லாமல் தூங்கி. பூரணிக்குத் தோள்பட்டை கடுத்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை. விளம்பரம் வந்தது, மறுபடி பாட்டு வந்தது.

பசை இறுகிவிட்டது அவள் விரலுக்கே தெரிந்தது. குச்சி இப்போது தானாகவே நின்றது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மேஜை ஆடும். ஸ்டூலை நகர்த்தினால் தரையில் கிறீச்சிடும். தூங்குகிறவனை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

அம்மா கஞ்சித் தம்ளரோடு வந்தாள். பூரணி உதட்டைக் குவித்து, தலையை ஆட்டித் தடுத்தாள்.

“தூங்கறான்மா. சத்தம் போடாத.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தம்ளரைத் தரையில் ஓசைப்படாமல் வைத்தாள். கிட்டே வந்து நின்று மகனையே பார்த்தாள். பிறகு முந்தானையால் அவன் கழுத்து வியர்வையை ஒற்றினாள். ஒற்றிய கை அங்கேயே நின்றது.

“பூரணி” என்றாள். “இன்னாடி இவன் இப்டி சில்லுன்னு இருக்கான்?”

*

ஜஹீருன்னிசாவின் ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது. அவள்தான் முதலில் ஓடி வந்தாள். “அல்லா, தம்பி, தம்பி” என்று அவன் உள்ளங்கையைத் தேய்த்தாள். பஜாரிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்து, குனிந்து பார்த்து, கண்ணிமையை விலக்கிப் பார்த்து, “போயி நேரம் ஆச்சும்மா” என்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. பூரணி கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நந்தகோபாலோடு வேலை பார்த்த கன்னியப்பன் வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு குடியாத்தத்துக்கு ஸ்கூட்டரில் போய், அம்மாவின் தம்பி சம்பந்தத்தைக் கூட்டிவந்தான். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார் மாமா. சட்டையில் நூல் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வந்தவர் அக்காவின் தோளைத் தொட்டார். அப்புறம் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தார்.

“இன்னும் கீழ எறக்கலியா?”

யாரும் இறக்கவில்லை. அம்மா விடவில்லை. நாற்காலியின் பின்னால் நின்று அவன் தோள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வுடுக்கா. இன்னும் நேரமானா மடங்கின கால் நிமிராது. அப்புறம் கஷ்டம்.”

கன்னியப்பனும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள். கூடத்தில் பெஞ்சு போட்டிருந்தது. அதன்மேல் முதுகு படும்போது அம்மா ஓடிப்போய் அவர்கள் கைகளைப் பிடித்தாள்.

“மல்லாக்க வெக்காதீங்கப்பா! அவனுக்கு மூச்சு முட்டும். தாங்க மாட்டான். உக்கார வெச்சிடுங்க, உக்கார வெச்சிடுங்க.”

ஆண்கள் அப்படியே நின்றார்கள். பாதி தூக்கிய நிலையில் அவன் அவர்கள் கையில் இருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சம்பந்தம் மாமா மேஜைமேல் இருந்த இரண்டு தலையணைகளையும் எடுத்துவந்து பெஞ்சின் தலைமாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அவனை அதில் சாய்த்தார்கள். அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் ஒசரம்” என்றாள். மாமா தன் தோள் துண்டை மடித்து அதற்கும் அடியில் செருகினார்.

ஆட்கள் வர வர இடம் போதவில்லை. மேஜையை வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். அதன்மேல் ஹெலிகாப்டர் இருந்தது.

“இத இன்னா பண்றது?” என்றார் ஒரு பெரியவர். “புள்ள ஆசையா செஞ்சதாம் இல்ல. கூடவே வெச்சி அனுப்பிடலாம்.”

“வெறவோட சேந்து எரியற சாமான் இல்லீங்க அது” என்றான் கன்னியப்பன். “கீழ எறக்கி ஓரமா வெக்கறேன்.”

கைகளை அதன் அடியில் கொடுத்தான்.

“தொடாதீங்க.”

அம்மா அவனைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து பூரணி பேசிய முதல் வார்த்தை அது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் பெஞ்சின் காலடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்குத்தான் முழுசா இறுகும். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

கன்னியப்பன் கையை உருவிக்கொண்டான். ஹெலிகாப்டர் மேலேயே இருக்க, நாலு பேர் மேஜையின் நாலு கால்களையும் பிடித்து, தளும்பும் அண்டாவைத் தூக்குவது போல மெதுவாகத் தூக்கி, வாசற்படி தாண்டி, ஜஹீருன்னிசா வீட்டு நடையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது பாடை தயாராகிவிட்டது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசினார்கள். மாமா பெண்களைக் கூப்பிட்டார். “வாய்க்கரிசி போடறவங்க வாங்க.” அம்மா போட்டாள். போட்டுவிட்டு, மறுபடி போடக் கை கொண்டுபோனாள், விலக்கினார்கள்.

பூரணி அரிசியை மூன்று விரலில் எடுத்தாள். நந்தகோபாலின் உதடு லேசாகத் திறந்திருந்தது. அரிசியை வைக்கும்போது அவள் விரல் நுனி அவன் கீழுதட்டில் பட்டது. பட்டது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியிலும் பசை காய்ந்து கண்ணாடித் தோலாக மூடியிருந்தது. குளிரா, சூடா, மெத்தென்று இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அவள் விரலை மறுபடியும் வைத்தாள். தெரியவில்லை. பின்னால் நின்ற பெண் தோளைத் தொட்டு, “நவுரும்மா” என்றாள். நகர்ந்தாள்.

தூக்கும் நேரத்தில் அம்மா அழவில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“சம்பந்தம், கோடை போனதும் கூப்புடுவாங்கன்னாங்களே. வேலூர்லருந்து கூப்ட்டா இன்னாடா சொல்றது?”

மாமா பூரணியைப் பார்த்தார். பூரணி தரையைப் பார்த்தாள்.

“நான் போயி சொல்லிக்கறேன்க்கா” என்றார் மாமா.

“கோச்சிக்குவாங்களோ?”

“கோச்சிக்க மாட்டாங்க.”

பறை முன்னால் போனது. கன்னியப்பன் பாடையின் பின்னங்கழியில் தோள் கொடுத்திருந்தான். பாலாற்றங்கரைக்குப் போகும் வழியில் ஒரு ஆள் கூடையிலிருந்து சாமந்தியும் ரோஜா இதழும் வாரி இறைத்துக்கொண்டே போனான். தெருமுனை திரும்பியதும் பறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் லாரிகளின் சத்தத்தில் கரைந்துவிட்டது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தண்ணீர் வாசல் வழியே வந்து தெருவில் இறங்கியது. அம்மாவை ஜஹீருன்னிசா தன் மேல் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பூரணி காலி வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தெருவில் யாரும் இல்லை. எந்த வீட்டுடையதோ, ஒரு பழுப்பு வெள்ளாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றது. தரையில் கிடந்த சாமந்தியை முகர்ந்து பார்த்து, வாயில் எடுத்துக்கொண்டது. இரண்டடி தள்ளி இன்னொன்று கிடந்தது. அதையும் தின்றது.

எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் நின்று, “ச்சூ, அந்த ஆட்டத் துரத்தேன் பூரணி” என்றாள்.

பூரணி துரத்தவில்லை. ஆடு அவசரமில்லாமல் ஒவ்வொரு பூவாகப் பொறுக்கித் தின்றபடியே போனது. சின்னப்பா கடை, கரண்டுக் கம்பம், தோல் மண்டிச் சுவர் என்று ஒவ்வொன்றையும் தாண்டி, தெருமுனையில் கொஞ்சம் நின்று, பூக்கள் கிடந்த பக்கமாகத் திரும்பியது.